வளவு சுருங்கிய கதை



பதிவு கொஞ்சம் நீளம். அஸர் தொழுதுவிட்டு ஒரு தேத்தண்ணியோடு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் வளவுக்கு சர்வேயர் வந்து கயிறு பிடித்தார். இளைய மகளுக்கு வீடு கட்ட வேண்டும். அதற்கு முதல் காணியைப் பிரிக்க வேண்டும். மொத்தம் 13 பேர்ச். முன்பாதியில் நாங்கள் இப்போது இருக்கும் வீடு. அது மூத்தவளுக்கு எழுதியாகிவிட்டது. பின்பாதியில் கிணறு, ஒரு தேசி மரம், இரண்டு தென்னை, முருங்கை, கறிவேப்பிலை, பயற்றங்கொடி ஏறிய ஒரு சின்னப் பந்தல். சர்வேயரின் கயிறு தேசி மரத்தின் அடியால் போய்க் கிணற்றுக் கட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. "கிணறு யாருடைய பக்கம் சேர்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றோம்.

அன்றிரவு அலுமாரியிலிருந்த பழைய உறுதிகளை எடுத்து விரித்தோம். அப்போதுதான் இதை எழுதும் எண்ணம் வந்தது. ஊர் வரலாறு என்றால் பள்ளிவாசல், மரைக்காயர்மார், தேர்தல், கலவரம் இவற்றைத்தான் எழுதுகிறோம். நம்மை மூன்று நான்கு தடவை பட்டினியிலிருந்து காப்பாற்றிய வளவைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

முதலில் மண். வகுப்பில் பிள்ளைகளுக்கு உலர் வலயம் என்று படிப்பிக்கிறோம். "சேர், போன மாதம் வெள்ளம் வந்ததே, பிறகு எப்படி உலர் வலயம்?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும். நல்ல கேள்விதான். நமக்கு மழை குறைவில்லை. அது வரும் காலம்தான் குறுகியது. ஐப்பசிக் கடைசியில் தொடங்கித் தை வரைக்கும் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு சித்திரையில் ஓரிரு இடிமழை. வைகாசி கழிந்தால் மேற்கேயிருந்து கச்சான் காற்று வந்து இலையைக் கருக்கும். எட்டு மாதம் வெயில், நாலு மாதம் தண்ணீர் என்று உம்மம்மா சொல்லும் கணக்கு பெரிய பிழையில்லை.

ஆகவே குளிர் நாட்டார் பனி உருகிய பிறகு தோட்டத்தில் இறங்குவது போல, நமக்கு மார்கழி வெள்ளம் வடிந்த பிறகுதான் தோட்டக் காலம். தை பாதியிலிருந்து பங்குனி வரை. கிணறு நிரம்பி இருக்கும், மண்ணுக்குள் ஈரம் இருக்கும், வெயில் இன்னும் முறுகியிருக்காது. அந்த ஒன்றரை இரண்டு மாதத்தில் வேர் இறங்கிய செடி கச்சானைத் தாங்கும். பிந்திப் போட்டது தாங்காது. இன்றைக்கு அந்த நாட்கள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் வளவில் கயிறு கிடக்கிறது.

நம் கரை ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பல இடங்களில் வாவி. கிணறு தோண்டினால் சில அடியிலேயே நன்னீர். இது எப்படி என்று பலர் யோசிப்பதில்லை. மாரி மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் கலக்காமல் மேலே நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானம் சொல்லும் கணக்கு. அந்த ஓரடியை நாம் மோட்டர் போட்டு உறிஞ்சினால் கீழே நாற்பதடி மேலே ஏறும், உப்பாக. துலாவாலும் வாளியாலும் அள்ளிய காலத்தில் இந்த ஆபத்து இருக்கவில்லை. கை வலித்ததும் நிறுத்திவிடுவோம். மோட்டருக்குக் கை வலிப்பதில்லை.

இந்த மணலில் நாம் எப்போதிருந்து நட்டு வாழ்கிறோம்? மேற்குக் கரையிலிருந்து போர்த்துக்கேயர் முஸ்லிம்களைத் துரத்தியபோது, 1626ஆம் ஆண்டளவில் கண்டி மன்னன் செனரத் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று நம் வரலாற்று நூல்கள் எல்லாம் சொல்கின்றன. அதற்கு முன்பும் இங்கே நம்மவர்கள் இருந்தார்கள். வந்தவர்கள் அவர்களோடும் அயல் தமிழ்க் குடிகளோடும் கலந்தார்கள். துரத்தப்பட்டு வந்தவர்களின் வளவில் இன்று தவறாமல் நிற்பது என்ன? கொச்சிக்காய். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. துரத்திய அதே போர்த்துக்கேயர் கப்பலில் கொண்டுவந்தது. கொய்யாவும் பப்பாசியும் கஜுவும் அந்தக் கண்டத்தவைதான். மரவள்ளியும் அங்கேயிருந்து புறப்பட்டதுதான். ஆனால் அது வந்த வழி வேறு. 1786இல் ஒல்லாந்த ஆளுநர் வன் டி கிராப் மொரீசியசிலிருந்து தருவித்தார் என்று பதிவு இருக்கிறது. ஊர்ச் சாப்பாடு, ஊர்க் கறி என்று நாம் பெருமை பேசுவதில் பாதி இப்படிக் கடல் தாண்டி வந்து வளவில் ஊன்றியதுதான். நம்மைப் போல.

இனி உறுதிகள். நம் கிழக்கில் காணியும் வீடும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். உம்மா வாப்பா மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவின் இன்னொரு மூலையில் சின்னதாய் ஒன்று போட்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கும் அப்படியே. குடி வழியும் தாய் வழியேதான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் வந்து தங்கி, இதையெல்லாம் வருடக்கணக்கில் ஆராய்ந்து பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். வெளியூரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். சீதனம் கூடாது என்ற வாதம் வேறு. அதற்குள் இப்போது போகவில்லை. இங்கே நாம் பார்ப்பது மண்ணுக்கு என்ன நடந்தது என்பதை மட்டும்.

எங்கள் வீட்டில் எழுதுகிறவர் வாத்தியார், மண்ணுக்குச் சொந்தக்காரி மனைவி. தேசி மரத்தை வெட்டலாமா என்று கேட்கக்கூட வாத்தியாருக்கு உரிமை இல்லை, தண்ணீர் ஊற்றும் உரிமை மட்டும் உண்டு. உறுதிகளின்படி மனைவியின் கொள்ளுப்பாட்டிக்கு ஓர் ஏக்கர் இருந்திருக்கிறது. அதாவது 160 பேர்ச். அவருக்கு நான்கு பெண்கள், ஆளுக்கு 40. உம்மம்மாவின் அந்த நாற்பதை அவருடைய மூன்று பெண்களுக்குப் பிரித்தால் 13 பேர்ச்சும் சொச்சமும். மாமிக்குப் பெண் ஒன்றுதான் என்பதால் அது அப்படியே மனைவிக்கு வந்தது. இப்போது இரண்டு மகள்மார், ஆளுக்கு ஆறரை. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. ஆறரை பேர்ச்சில் வீடு, படி, மலக்குழி, மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம், கேற் எல்லாம் போக மிச்சம் நாலைந்நூறு சதுர அடி. பேத்திகளுக்கு? கணக்குப் பாடம் அதற்கு மேல் வேண்டாம். யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் பெண்ணுக்கு ஒரு கூரை கொடுத்தது. வளவு போனது.

மணலில் எப்படிப் பயிர் செய்தார்கள் என்பதை நம் பெண்கள்தான் அறிவார்கள். விவசாயப் புத்தகத்தில் பசளை, நீர்ப்பாசனம் என்று தலைப்புப் போட்டுப் படிப்பிக்கிறோம். உம்மம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தென்னையோ வாழையோ வைக்க முதல் குழி வெட்டி, அடியில் உரிமட்டையை நிறையப் போட்டு மூடுவார். உரிமட்டை தண்ணீரைப் பஞ்சு போலக் குடித்து வைத்துக்கொள்ளும். மணலில் ஊற்றிய வாளித் தண்ணீர் சில நிமிடத்தில் கீழே போய்விடும். மட்டையில் ஊற்றியது நாள் கணக்கில் நிற்கும். அடுப்புச் சாம்பல் கத்தரிக்கும் வெண்டிக்கும். ஆட்டுப் புழுக்கையை ஊறவைத்துக் கொச்சிக்காய்க்கு. மீன் கழுவிய தண்ணீர் முருங்கைக்கும் தேசிக்கும், செதிலும் குடலும் குழி தோண்டிப் புதைக்க, இல்லாவிட்டால் பூனை விடாது. குளித்த தண்ணீர் கமுகுக்கும் வாழைக்கும் போக ஒரு சின்ன வாய்க்கால். ரம்பை கிணற்றடியிலேயே, யாரும் தனியாகத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. உளூச் செய்த தண்ணீர் கூட வீணாய்ப் போகாது. பழைய பள்ளிவாசல்களில் ஹவுளிலிருந்து வழிந்த தண்ணீர் தென்னையடிக்குப் போன ஞாபகம் மூத்தவர்களுக்கு இருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். வெயில் காலத்தில் கீரையைத் திறந்த வெளியில் அவர் போடமாட்டார். தென்னை நிழலில், முருங்கையின் சன்ன நிழலில்தான் பாத்தி. காலை வெயில் மட்டும் படும்படி கிழக்குப் பக்கம். மத்தியானச் சூட்டை மரம் வாங்கிக்கொள்ளும். கிடுகு வேலியும் அப்படித்தான். காற்றை முழுக்கத் தடுக்காது, சல்லடை போல வேகத்தை உடைக்கும். இன்றைய மதிலுக்கு அந்தக் குணம் இல்லை. பகலெல்லாம் சூட்டைக் குடித்து இராத்திரி அதைத் திருப்பித் தரும். மதிலோரம் வைத்த பயற்றங்கொடி வாடுவதன் காரணம் நோயல்ல, மதில்.

பஞ்ச காலங்களுக்கு வருவோம்.

1942. இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்து, முக்கியமாகப் பர்மாவிலிருந்து வந்தது. மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பான்காரர் கையில் விழுந்தது. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் குண்டு போட்டார்கள். அன்றைக்கே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் நம் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது, இன்றும் அடியில் கிடக்கிறது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. விவசாய அமைச்சராக இருந்த டி.எஸ். சேனநாயக்கா காலத்து அரசாங்கம் உணவுப் பயிர் செய்யுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லியது. பாடசாலைத் தோட்டம் அதற்கும் முந்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த நாட்டுப் பாடசாலைகளில் தொடங்கிவிட்டது. யுத்த காலத்தில் அதற்கு மறுபடியும் உயிர் வந்தது. அந்தக் காலத்தை நேரில் கண்ட ஒருசிலரே ஊரில் இப்போது மிச்சம். அவர்களிடம் கேட்டால் குண்டைவிட வற்றாளைக் கிழங்கைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். கொடியை வெட்டி மணலில் ஊன்றினால் மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு. மாரி முடிவில் ஊன்றியது கச்சானுக்கு முதல் சட்டியில்.

அடுத்தது எழுபதுகள், மரவள்ளிக் காலம். 1973இல் உலகச் சந்தையில் அரிசி, மா, எண்ணெய் எல்லாம் விலை ஏறியது, அரசாங்கத்திடம் அந்நியச் செலாவணி இல்லை. கூப்பன் அரிசி குறைந்தது. பாணுக்கு வரிசை. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவே தடை. வெங்காயம், கொச்சிக்காய் இறக்குமதியை நிறுத்தினார்கள். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு அது பொற்காலம். நமக்கு வளவில் நின்ற நாலு கொச்சி மரம் பொன். மரவள்ளி இல்லாத வளவே அப்போது இல்லை. அவிக்கும்போது சட்டியைத் திறந்து வைக்க வேண்டும், இஞ்சி சேர்க்கக் கூடாது என்று உம்மாமார் கண்டிப்பாகச் சொல்வார்கள். மரவள்ளியில் சயனைட் நஞ்சு கொஞ்சம் உண்டு. திறந்து அவித்தால் ஆவியோடு போய்விடும், ஆகவே முதல் புத்தி சரியானது. இஞ்சிப் பயம் இன்றைக்கும் போகவில்லை. எங்கள் வீட்டில் மரவள்ளி அவியும் நாளில் இஞ்சித் தேத்தண்ணி கூடக் கிடையாது.

1978 நவம்பர் 23. அந்த இரவை அனுபவித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. விடிந்தபோது மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னைகளில் பெரும்பகுதி தரையில். நம் பெரியவர்கள் சூறாவளியை வருடமாகவே பாவித்தார்கள். "சூறாவளிக்கு முந்திப் பிறந்தவள்" என்பார்கள். வளவின் வரலாற்றில் அந்த இரவுக்கு நாம் கொடுக்காத ஓர் இடம் இருக்கிறது என்று நினைக்கிறோம். தென்னை விழுந்ததோடு நிழல் போனது, உரிமட்டை போனது, கிடுகு போனது. புதிதாய் வைத்த தென்னை காய்க்க ஆறேழு வருடம். அதுவரைக்கும் வேலிக்கு என்ன செய்வது? முள்ளுக்கம்பியும் தகரமும் வந்தன, பின்னால் வெளிநாட்டுக் காசு வந்தபோது மதில் வந்தது. மதில் வந்தபின் பக்கத்து வீட்டு முருங்கைக்காயை வேலிக்கு மேலால் கேட்டு வாங்கும் பழக்கமும் போனது. தென்னை திரும்பி வந்தது. கிடுகு வேலி வரவில்லை.

யுத்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி பள்ளிவாசல்களில் நடந்ததை ஊர் மறக்கவில்லை, இங்கே எழுதவும் தேவையில்லை. அதற்குப் பிறகு வாவி தாண்டிப் படுவான்கரை வயலுக்குப் போக நம் ஆட்களுக்குப் பயம். வருடக்கணக்கில் போகவில்லை, பலருடைய காணி போனது போனதுதான். வயல் இல்லாத விவசாயிக்கு வளவு மட்டும் மிஞ்சியது. ஆனால் அந்தக் காலத்தில்தான் ஊர் உள்ளுக்குள்ளே இறுகியது. வெளியே பரவ இடமில்லை, பாதுகாப்பில்லை. பிள்ளைகளுக்கு வீடு கட்ட இருந்த ஒரே இடம் உள்ள வளவுதான். இலங்கையில் மக்கள் மிக நெருக்கமாக வாழும் ஊர்களில் காத்தான்குடியும் ஒன்று என்று சொல்லும்போது அதில் ஒரு பங்கு இந்தக் கதையும் உண்டு.

2004 டிசம்பர் 26. மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனை, காத்தான்குடிக் கரைகளில் இழந்த உயிர்களுக்கு முன்னால் கிணற்றைப் பற்றிப் பேசுவது சின்ன விடயம். ஆனாலும் பிழைத்தவர்கள் குடிக்க வேண்டுமே. கரையோரக் கிணறுகளில் எல்லாம் கடல் தண்ணீர். உதவிக்கு வந்தவர்கள் நல்ல எண்ணத்தோடு மோட்டர் வைத்து இறைத்தார்கள், மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். பல கிணறுகளில் உப்புக் குறையவில்லை. பிறகு மட்டக்களப்புக் கரையில் கிணறு கிணறாக அளந்த ஆய்வாளர்கள் கண்டது, இறைப்பதால் பெரிய பயன் இல்லை, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கேடு, மழைதான் மணலைக் கழுவும் என்பது. அந்தக் கழுவல் ஒரு மாரியோடு முடியவில்லை. எங்கள் கிணற்றடி வாழை கருகியது, கறிவேப்பிலை இலை உதிர்த்தது, தென்னை மட்டும் ஒன்றும் நடக்காதது போல் நின்றது. தேசி மரம் செத்துவிட்டதென்று வெட்டக் கத்தி எடுத்தபோது மாமி தடுத்தார். இரண்டாம் மாரிக்குப் பிறகு அடியிலிருந்து தளிர் விட்டது. சர்வேயரின் கயிறு போனது அந்த மரத்தின் அடியால்தான்.

கடைசிப் பஞ்சம் நம் பிள்ளைகளே கண்டது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை, நவம்பரில் தடை நீங்கியது, அதற்குள் ஒரு போகம் அடிபட்டுப்போனது. 2022இல் டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, காஸ் இல்லை. ஜூன் மாதம் அமைச்சரவை அரச ஊழியருக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தது, வீட்டில் தோட்டம் செய்யுங்கள் என்று. வெள்ளிக்கிழமை! நமக்கு அன்றைக்குக் குளிப்பு, ஜும்ஆ, பகல் சாப்பாடு, பிறகு தூக்கம். தோட்டம் எங்கே? அதோடு ஜூன் மாதம் கச்சான் அடிக்கும் மாதம். கொழும்பில் மழை பெய்வதைப் பார்த்து எடுத்த முடிவு அது. உலர் வலயத்தில் அந்த நேரம் விதை போட்டவர் விதையை இழந்தார். நாங்களும் இழந்தோம். அந்த வருடம் வெண்டியும் கீரையும் முளைத்து ஒரு சாண் வரும்போதே கருகின. தை மாதம் மறுபடி போட்டது தப்பியது. கொச்சிக்காய் ஆறு மாதத்துக்கு வாங்கவில்லை, முருங்கையிலையும் பப்பாசியும் பிள்ளைகளுக்கு வெறுத்தே போனது.

இத்தனை தடவை கை கொடுத்த வளவை ஒவ்வொரு தடவையும் பஞ்சம் தீர்ந்ததும் மறந்தோம். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். 2023இல் அரிசி மலிந்ததும் பந்தல் கம்பு அடுப்புக்குப் போனது. ஆனால் 1942இல் மறந்தது நாற்பது பேர்ச். 1973இல் மறந்ததும் பெரும்பாலும் அவ்வளவுதான். இப்போது மறப்பது ஆறு பேர்ச்சின் மூலையை. அதற்கு மேல் இன்டர்லொக் கல் பதித்துவிட்டால் அடுத்த பஞ்சத்தில் நினைத்துப் பார்க்க மண் இருக்காது.

கல் பதிப்பதை ஏன் விரும்புகிறோம் என்றும் தெரியும். மாரியில் சேறு இல்லை, பாம்பு வராது, வெளிநாட்டிலிருந்து வரும் மச்சானுக்குக் காட்ட நன்றாக இருக்கும். டெங்குப் பயமும் ஒரு காரணம். தோட்டமென்றால் நுளம்பு என்று ஒரு எண்ணம். நுளம்பு பெருகுவது செடியில் அல்ல, தேங்கிய தண்ணீரில். சிரட்டை, டயர், அடைபட்ட பீலி, கல்லுக்கு நடுவில் பள்ளம் விழுந்த இடம். மணல் வளவில் தண்ணீர் தேங்குவதே இல்லை. அது கிணற்றுக்குப் போகிறது. கல் பதித்த வளவின் மழை றோட்டுக்குப் போகிறது, றோட்டு வெள்ளம் நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது, பிறகு வடிகான் சரியில்லை என்று பதிவு போடுகிறோம்.

கிணறும் முன்னைய கிணறில்லை. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியபின் பலர் கிணற்றை மூடிவிட்டார்கள், சிலர் அதையே குப்பைக் குழியாக்கினார்கள். வீடு நெருங்க நெருங்க மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் தூரம் குறைந்துவிட்டது. அந்தத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லவில்லை. ஆனால் தேசிக்கும் வாழைக்கும் அது போதும். குழாய்த் தண்ணீர் பில்லுக்குப் பயந்து செடிக்கு ஊற்றாமல் விடுகிறவர்கள், மூடிய கிணற்றின் மேல் நின்றுகொண்டு அப்படிச் சொல்கிறார்கள். பிரதான வீதியின் நடுவில் பேரீச்சை நின்று காய்க்கிறது, வெளியூர்க்காரர் இறங்கிப் படம் எடுக்கிறார்கள், நல்லதுதான். வீதிக்கு இந்தப் பக்கம் எத்தனை வீட்டில் ஒரு முருங்கை நிற்கிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தோம். முப்பத்தொரு பிள்ளைகளில் கை தூக்கியது ஒன்பது.

உறுதிகளுக்குத் திரும்புவோம். கொள்ளுப்பாட்டியின் உறுதியில் காணியின் எல்லைகள் மட்டும் இல்லை. வளவிலுள்ள வீடும், தென்னைகளும், கிணறும் என்று எழுதியிருக்கிறது. உம்மம்மாவின் உறுதியில் கிணற்றில் பங்கும், கிணற்றுக்குப் போகும் வழியும் என்று ஒரு வரி கூடியிருக்கிறது. மூன்று சகோதரிமாருக்கும் ஒரே கிணறு. விடியப்புறம் மூவரும் அங்கேதான் சந்திப்பார்கள் என்று மாமி சொல்வார். சண்டையும் அங்கேதான் நடக்குமாம். மனைவியின் உறுதியில் எல்லை மட்டும் இருக்கிறது, பேர்ச் கணக்குத் தசமத்தில். கிணறு, மரம் எதுவும் இல்லை. மூன்று கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மனைவி சிரித்தார், பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

மகள்மாரிடம் கேட்டோம். மூத்தவளுக்குக் கிணறு வேண்டும், தேசி மரத்தைப் பற்றிக் கவலையில்லை. இளையவளுக்குத் தேசி வேண்டும், ஆனால் அவளுடைய வீட்டின் குசினி மூலை அந்த இடத்துக்குத்தான் வருகிறது. மேஸ்திரி, "மரத்தை வெட்டினால் நாலு அடி கூடும் சேர்" என்கிறார். மேல் மாடியாக எழுப்பலாமா என்று யோசித்தோம், செலவு கையை மீறுகிறது. வளவைப் பிரிக்காமல் விடச் சொல்லும் துணிவு எங்களுக்கில்லை. ஒரு மகளுக்குக் கொடுத்து மற்றவளுக்கு இல்லை என்று எந்த வாப்பாவால் சொல்ல முடியும்?

இப்போதைக்கு இரண்டு விடயம் முடிவானது. புதிய உறுதியில் கிணறும், கிணற்றுக்கான வழியும் இருவருக்கும் பொது என்று எழுதச் சொல்லி நொத்தாரிசிடம் சொல்லியிருக்கிறோம். அவர் இப்போது யாரும் அப்படி எழுதுவதில்லை என்றார், பழைய உறுதியைக் காட்டினோம், எழுதித் தருகிறேன் என்றார். வழி மூன்றடி அகலம், முப்பதடி நீளம். அதில் கல் பதிப்பதில்லை என்று மகள்மார் இருவரும் வாயால் சொல்லியிருக்கிறார்கள். அந்த வழியின் இரு ஓரமும் இந்தத் தையில் போட்டது நிற்கிறது: பயற்றங்கொடி, இரண்டு கத்தரி, ஆறு கொச்சி, பொன்னாங்காணி, நோன்புக் கஞ்சிக்கு வேண்டிய ரம்பையும் கறிவேப்பிலையும். உரிமட்டை ஒரு சாக்கு தேங்காய்க்கடையில் சும்மா தந்தார்கள்.

தேசி மரம் முடிவாகவில்லை. பெருநாள் கழிந்து அத்திவாரம் வெட்டுவார்கள். அதற்கு முதல் பதி போட்டு வேர் விடுமா என்று இரண்டு கிளையில் கட்டியிருக்கிறோம், தென்னந்தும்பும் எருவும் வைத்துச் சாக்கால் சுற்றி. விட்டால் ஒன்று மூத்தவளின் முன் மூலைக்கு, மற்றது பாடசாலைக்கு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் அறுபது எழுபது வருடத்துக்கு முந்திய உறுதி இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் கிணறு, தென்னை, பலா, வழி என்று என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் கீழே எழுதுங்கள். பெயரும் எல்லையும் வேண்டாம், அது உங்கள் வீட்டு விடயம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு அதை ஒரு கொப்பியில் தொகுக்க நினைக்கிறோம். தேசிக்குப் பதி கட்டிப் பழக்கமுள்ளவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பதினைந்து நாள் ஆகிறது, இன்னும் வேர் தெரியவில்லை.